பெற்றது ஆறு: எங்கள் அப்பாயியின் வாழ்க்கையை எழுதி வைத்த கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

எங்கள் அப்பாயியின் (அப்பாவின் அம்மாவின்) வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைக்கும் வேலை எங்கள் வீட்டில் 2018 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி வரை நடந்தது. நாங்கள் யாரும் இதில் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. தவறுகள் நிறைய செய்தோம். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

ஊர் காவிரியின் கடைமடையில், நாகப்பட்டினத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கரை. குத்தகைக்கு உழுத குடும்பம். தாத்தா 1970களில் இரண்டு மா (மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) நிலம் சொந்தமாக வாங்கினார், 1991-ல் இறந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம் வீட்டுக்கு அப்பாயிதான் எல்லாம். எந்த வயலுக்கு எந்த விதை, எந்தப் பசு எப்போது ஈனும், யார் வீட்டுப் பெண்ணுக்கு இது எத்தனாவது மாதம், எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். ஊரே அவரைப் பெரியாத்தா என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் தெருவில் பத்துப் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை எழுதச் சொல்லியிருந்தால் நான்கு வரிதான் வந்திருக்கும். கிழக்கே ஒரு ஊரில் பிறந்தவர், நான்கு பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள், நூறு வயதை நெருங்குபவர். இந்த நான்கில் இரண்டு தவறு.

கஜா அடித்த இரவு

2018 நவம்பர் 15 இரவு கஜா புயலுக்குப் பயந்து பக்கத்து மாடி வீட்டில் முப்பது பேர் அடைந்திருந்தோம். நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் புயல் கரையைக் கடந்தபோது சத்தம் சொல்லி முடியாது. பிள்ளைகள் அழுதார்கள். அப்பாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"நந்தன வருஷப் புயலும் இப்படித்தான் அடிச்சுது. கூரை போயிருச்சு. மூத்தவன மடியில போட்டுக்கிட்டு உரலுக்குப் பக்கத்துல விடிய விடிய குந்தியிருந்தேன்."

நந்தன வருஷம் என்பது 1952-53. நாகப்பட்டினத்தைத் தாக்கிய அந்தப் புயல் 1952 நவம்பர் 30-ல் வந்தது. எங்கள் வீட்டில் மூத்தவர் பெரியப்பா, அவர் பிறந்தது 1957. "அப்ப பெரியப்பா பொறக்கவே இல்லையே அப்பாயி?" என்றாள் என் தங்கை. அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது வேற" என்றார். அதற்கு மேல் அன்று ஒன்றும் வரவில்லை.

விடிந்து பார்த்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. அப்பாயியின் தகரப் பெட்டி முழுக்கத் தண்ணீர். உள்ளே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திண்ணையில் காய வைத்தேன். குத்தகைச் சீட்டுகள், 1969-ல் வந்த குத்தகைப் பதிவுச் சட்டப்படி தாத்தா பெயரில் பதிவு செய்த தாள், இரண்டு மா நிலத்தின் பத்திரம், ரசீதுகள். அத்தனையும் தாத்தா பெயரில். அந்தச் சட்டத்தை நம்பித் தாத்தாவோடு தாலுகா ஆபீசுக்கு நடந்தவர் அப்பாயி என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். காகிதத்தில் அவர் இல்லை. அவர் பெயர் எழுதப்பட்டிருந்த மிகப் பழைய தாள் 1980களின் ஒரு ரேஷன் கார்டு.

அந்தக் காகிதங்கள் காய்ந்துகொண்டிருந்த மூன்று நாளில்தான் இதைச் செய்வது என்று முடிவு செய்தேன். இன்னொரு புயல் வந்தால் இதுவும் இருக்காது என்ற பயம்தான் காரணம்.

முதல் முயற்சி: 2019 பொங்கல்

பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாயியை நல்ல புடவை கட்ட வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே செல்போனை நிறுத்தி, சுற்றிப் பதினான்கு பேர் உட்கார்ந்தோம். "உன் வாழ்க்கையப் பத்திச் சொல்லு அப்பாயி" என்றேன்.

"என்னத்தச் சொல்ல. எல்லாம் நல்லாயிருங்க" என்றார். இருபது நிமிடத்தில் கிடைத்தது ஆசீர்வாதம் மட்டும்தான்.

பிறகு அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் பெரியப்பாவோ அப்பாவோ குறுக்கே வந்து "அப்படியில்லம்மா, அது இப்படி" என்று திருத்தியிருக்கிறார்கள். அவரும் உடனே "ஆமா, அவன் சொல்றதுதான்" என்று விட்டுவிடுகிறார். இன்னொன்று, "வாழ்க்கை" என்று ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்லும் பழக்கமே அவருக்கு இல்லை. நட்டது, அறுத்தது, பெற்றது, அவித்தது என்றுதான் அவருக்கு எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. கேட்கத் தெரியாதது எங்கள் குறை.

முறையை மாற்றியது

அடுத்த முறை தனியாகப் போனேன். அவர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். பதிவு செய்கிறேன் என்பதை ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். தெரியாமல் எடுத்தால் இயல்பாகப் பேசுவார் என்று தம்பி சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் பேச்சு அவருடையது. "எதுக்குடி இதெல்லாம்" என்பார், பிறகு "சரி, எடுத்துக்க" என்பார். "இத எடுக்காத" என்று அவர் சொன்னபோதெல்லாம் நிறுத்தினேன். பிறந்த வீட்டைப் பற்றி அப்படி அவர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் புத்தகத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை.

கேள்விகளும் மாறின. வருடத்தைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்டேன். "நாத்து முடியை எப்படிக் கட்டுவீங்க?" என்று ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் பேசினார். கதிர் அறுப்பில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள், நெல் அளவையில் கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால், அதை அளக்கும்போது முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்வது, 1960களின் நடுவில் ஏடிடி 27 நெல் வந்தபோது "குட்டை நெல்லு, மாட்டுக்கு வைக்கோல் பத்தாது" என்று மாமியார் சண்டை போட்டது எல்லாம் அந்த வழியாக வந்தன. பொருள்களும் பேச வைத்தன. ஓரம் தேய்ந்த ஒரு மரக்காலைக் கையில் கொடுத்தால் போதும், கேள்வியே தேவையில்லை.

2019 ஆடி மாதம் ஒரு நாள் நடவுப் பாட்டு பாடினார். நடவுக்கு இறங்கிய பெண்கள் வரிசையாகப் பாடும் பாட்டு, நீளமானது. எடுத்துக் கொடுப்பவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும் என்பதால் என்னையும் பாட வைத்தார். மூச்சு வாங்க வாங்க அரை மணி நேரத்துக்கு மேல் போனது.

அந்தப் பதிவு இன்று இல்லை. மூன்று மாதம் கழித்து போன் பழுதாகிக் கடையில் கொடுத்தபோது உள்ளே இருந்த எல்லாம் அழிந்துவிட்டது. அதில் ஏழு பதிவுகள் இருந்தன. வேறு எங்கும் எடுத்து வைக்காதது என் தப்பு. திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டபோது அவரால் மூச்சைப் பிடித்துப் பாட முடியவில்லை. அடிகளும் மாறி மாறி வந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் வயிறு எரிகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் அன்றிரவே மூன்று இடத்தில் வைக்கத் தொடங்கினோம்: மடிக்கணினியில், தம்பியின் போனில், ஒரு மெமரி கார்டில்.

வயதுக் கணக்கு

ஆதாரில் அவர் பிறந்த தேதி 1938 ஜனவரி 1. தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போடுவது வழக்கம், அந்த 1938-உம் யாரோ முகத்தைப் பார்த்து மதிப்பிட்டதாகத்தான் இருக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் வேறு வயது. ஊர்க்காரர்கள் கணக்கில் நூறு.

வயது தெரியாதவர்களிடம் ஊரறிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழகிய முறை. அதைச் செய்து பார்த்தோம். ஒரு நீளத் தாளில் 1930 முதல் வருடங்களை எழுதி, பக்கத்தில் தமிழ் வருடப் பெயரை எழுதி, அவர் சொன்னதை அங்கங்கே குறித்தோம்.

"மேட்டூர்ல அணை தொறந்த வருஷம் நீ நட பழகுனேன்னு எங்கம்மா சொல்லும்." மேட்டூர் அணை திறந்தது 1934. யுத்த காலத்தில் சர்க்கார் ஆட்கள் வீட்டு நெல்லை அளந்துகொண்டு போனபோது ஒரு பானை நெல்லை வைக்கோல் போரில் ஒளித்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது, அது விவரம் தெரிந்த சிறுமியின் நினைவு. காந்தி இறந்த 1948 ஜனவரியில் அவருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். முதல் பொதுத் தேர்தலில் மாமியார் ஓட்டுப் போட்டார், இவரை "வயசு பத்தாது" என்று விட்டுவிட்டார்கள். அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும், 18 ஆனது 1989-ல்தான். அடுத்த தேர்தலில், 1957-ல், வயிற்றில் பிள்ளையோடு போய் ஓட்டுப் போட்டார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1933, ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம். ஆங்கீரச வருஷம் அல்லது ஸ்ரீமுக வருஷம். ஆதார் சொன்ன 1938 உண்மையென்றால், புயலில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் பதினான்கு வயதுதான் இருந்திருக்க வேண்டும். அது அவர் சொன்ன எதனோடும் பொருந்தவில்லை.

இரண்டு புயல்கள்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. நான் ஊரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. எங்களுக்கு நேரம் கிடைத்தது அப்போதுதான். தினமும் மாலையில் அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்தோம்.

ஒரு சிக்கல் இருந்தது. புயலைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இருந்தது. ஒரு முறை மடியில் பிள்ளை. இன்னொரு முறை வயிற்றில் ஒன்று, கையில் பிடித்துக்கொண்டு ஒன்று. வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தவறு எங்களுடையது. 1955 டிசம்பர் 1-லும் தஞ்சாவூர்க் கடற்கரையில் ஒரு பெரிய புயல் கரை கடந்திருக்கிறது. அவர் சொன்னது இரண்டு புயல்களை. நாங்கள் ஒன்று என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதைச் சொன்னதும், "பின்ன? மன்மத வருஷத்துல ஒண்ணு அடிச்சுதே" என்றார், எனக்குத் தெரியாதா என்ற மாதிரி. அன்று மாலைதான் மற்றதும் வந்தது.

முதல் குழந்தை ஆண், 1951 ஆடியில் பிறந்தவன். 1952 புயலில் மடியில் இருந்தது அவன்தான். 1955 புயல் அடித்தபோது அவர் நிறைமாதம். புயலுக்கு நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பதினொரு நாள் இருந்தது. அடுத்த பங்குனியில் பையனுக்கு அம்மை வார்த்தது. நாலரை வயது. "வேப்பிலைய நான்தான் விரிச்சேன், நான்தான் எடுத்தேன்" என்றார். அழவில்லை. அதன் பிறகு 1957 ஆவணியில், நயா பைசா வந்த வருஷம், பெரியப்பா பிறந்தார். மாமனார் பெயரை மூத்தவனுக்கு வைத்திருந்தார்கள். அதே பெயரை இவருக்கும் வைத்தார்கள்.

பெரியப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது வரை இது தெரியாது.

எழுதுவதா, வேண்டாமா

வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. "செத்த குழந்தைகள எதுக்கு இப்ப இழுக்கணும்" என்றார் அப்பா. அத்தைக்கு 1967-ல் தான் பிறந்த கதையைத் தவிர (எம்.ஜி.ஆரைச் சுட்ட மாதம், அதனால் தேதி மறக்காது) எதையும் எழுதுவதில் விருப்பமில்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்கால் கரைக்குப் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் தயக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அறுபது வருடம் மூடி வைத்த ஒன்றைத் திறப்பது அம்மாவை வருத்தும் என்ற பயம் அது. ஆனால் முடிவு எங்கள் யாருடையதும் இல்லை என்று எனக்குப் பட்டது. அப்பாயியிடமே கேட்டேன், யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

"எழுது. யாரு கேட்டாலும் நாலு நாலுன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். பெத்தது ஆறு."

இதைப் பெரியப்பாவிடம் பதிவிலேயே போட்டுக் காட்டினோம். அதற்குப் பிறகு எதிர்ப்பு இல்லை. பெரியப்பா ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் தானாகவே போய், "அவன் எப்படிம்மா இருப்பான்?" என்று கேட்டிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இறுதிக் காலமும் பிறகும்

2021 பாதியிலிருந்து அவருக்கு நேற்று நடந்தது மறக்கத் தொடங்கியது. பழையது அப்படியே இருந்தது. புதிய கேள்விகள் கேட்பதை நிறுத்தினோம். பழைய பதிவுகளை அவருக்கே போட்டுக் காட்டினோம், அதில் இரண்டு இடங்களைத் திருத்தினார். 2022 ஐப்பசியில், மழை தொடங்கிய நேரம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வயது என்ன போடுவது என்ற பேச்சு அன்றே வந்தது. சொந்தக்காரர்கள் 98 போடச் சொன்னார்கள், சிலர் நூறே போடலாம் என்றார்கள். பெரியப்பாதான், "அம்மா கணக்கு 89. அதையே போடு" என்றார். அதைத்தான் போட்டோம்.

பதினாறாம் நாள் கருமாதியன்று நாற்பது பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் நகலெடுத்துக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர், பெரிய எழுத்தில். வம்சக் கொடியில் ஆறு பிள்ளைகள். பெண் குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. "பெண் குழந்தை, மன்மத வருஷம் கார்த்திகை, பதினொரு நாள்" என்று எழுதினோம்.

ஒரு வாரம் கழித்து, எங்கள் வயலில் அந்தக் காலத்தில் நடவு நட்ட ஒரு பாட்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். எண்பது வயதுக்கு மேல். பேத்தி அவருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். திண்ணையில் உட்காரச் சொன்னோம். கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தார்.

"உங்க அப்பாயி நல்லவங்கதான். கூலி நெல்லக் கொறச்சு அளந்ததில்ல. என் மவளுக்குப் பேறு பாத்ததும் அவங்கதான். ஆனா எங்களுக்குக் கஞ்சி கொல்லப்பக்கந்தான் ஊத்துனாங்க. இந்தத் திண்ணையில நான் உக்காந்ததில்ல. அதை எழுதலியே தாயி."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அப்பாயி மீது எனக்கு இருக்கும் அன்பு அதனால் குறையவில்லை, ஆனால் அந்தப் பாட்டி சொன்னது உண்மை. நாங்கள் அப்படி ஒரு கேள்வியை அப்பாயியிடம் நான்கு வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இனித் தெரியப்போவதில்லை. 2023 ஜனவரியில் இரண்டாம் முறை நகலெடுத்தபோது அந்தப் பாட்டி சொன்னதை, அவர் சம்மதத்தோடு, அவர் வார்த்தைகளிலேயே சேர்த்தோம். சேர்க்க வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேர் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

மீண்டும் செய்வதாக இருந்தால்

பத்து வருடம் முன்பே தொடங்கியிருப்பேன். தாத்தாவின் அக்கா 2011 வரை இருந்தார், 1951-க்கும் 1957-க்கும் இடையே அந்த வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் பதிவிலிருந்தே மூன்று நகல் வைத்திருப்பேன். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியாக உட்கார வைத்து அவர்கள் நினைவையும் எடுத்திருப்பேன், அம்மாவுக்குக் குறுக்கே பேசவிடாமல். அவர் இரண்டு மாதிரி சொன்ன இடத்தில், மறதி என்று முடிவு கட்டும் முன், நடந்ததே இரண்டாக இருக்குமோ என்று பார்த்திருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வெளியே போயிருப்பேன். அவரோடு வயலில் நின்றவர்கள், அவர் பேறு பார்த்த பெண்கள், அவரிடம் கூலி வாங்கியவர்கள். அவர்களில் ஐந்தாறு பேர் 2018-ல் உயிரோடு இருந்தார்கள். இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டி அதில் ஒருவர். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை முதல் கேள்வியே அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பதுதான். 2019-ல் அழிந்துபோன நடவுப் பாட்டு அவருக்கும் தெரியும். எடுத்துக் கொடுத்தவர் அப்பாயி, வாங்கிப் பாடியவர் இவர் என்பதால் இவரிடம் இருப்பது பின்பாட்டு மட்டும். இதுவரை ஒன்பது அடி கிடைத்திருக்கிறது.